பல் கடிப்பதால்தான் தலை வலிக்கிறதா?

காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி. தாடை இறுகிக் கிடக்கிறது. பல் டாக்டரிடம் போனால், “கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்திருக்கிறது, ராத்திரியில் பல் கடிக்கிறீர்கள்” என்று சொல்லி ஒரு பல் கவசம் செய்து தருகிறார். காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனஸ் என்கிறார். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றச் சொல்கிறார். நரம்பியல் மருத்துவர் மைக்ரேன் என்று மாத்திரை எழுதுகிறார். இருப்பது ஒரே தலை, அதற்கு நாலு பெயர்.

இவர்களில் யாரும் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டியதில்லை. அவரவர் படித்த உறுப்பில் அவரவர் தேடுகிறார்கள், தேடினால் எதுவோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவர் பல் கடிக்கிறாரா? தாடையின் தசையிலோ மூட்டிலோ வலி உண்டா? தலைவலி எந்த வகை? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தவுடன் மற்ற இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான அலைச்சலுக்குக் காரணம்.

## வலிக்கும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு

முகம், பல், ஈறு, சைனஸ் அறைகள், தாடை மூட்டு, கண்ணைச் சுற்றிய பகுதி, மூளையைப் போர்த்தியிருக்கும் உறை ஆகியவற்றின் உணர்வுகளைப் பெரும்பாலும் ஒரே நரம்புதான் சுமக்கிறது. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் அது ஐந்தாவது. மூன்றாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு. மருத்துவர்கள் ட்ரைஜெமினல் என்பார்கள். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகிறது. மெல்லும் தசைகளை இயக்குவதும் இந்த மூன்றாவது கிளைதான்.

மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது. தலைவலி என்று நாம் உணர்வதெல்லாம் மூளையின் உறை, அதிலுள்ள ரத்தக் குழாய்கள், தலைக்கு வெளியே உள்ள தசை, மூட்டு, பல் போன்றவற்றிலிருந்து வருவதே. அந்தச் செய்திகள் மூளைத்தண்டில் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் அங்கேதான் வந்து கலக்கின்றன. பல தெருக்களின் கடிதங்கள் ஒரே பைக்குள் விழுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். பையைப் பிரிக்கும் மூளை சில நேரம் முகவரியைத் தவறாக வாசித்துவிடுகிறது. கழுத்தில் கிளம்பிய வலி கண்ணுக்குப் பின்னால் தெரிவதும், கன்னத் தசையில் கிளம்பியது கடைவாய்ப் பல்லில் குடைவதும், மைக்ரேன் கன்னத்தில் இறங்கி சைனஸ் வேஷம் போடுவதும் இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பல் மருத்துவத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளி காட்டும் பல்லைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். வலி அந்தப் பல்லில்தான் என்றால் சில நிமிடங்களில் அடங்க வேண்டும். உதடும் ஈறும் நன்றாக மரத்துவிட்டன, ஆனாலும் வலி அப்படியே இருக்கிறது என்றால் பல் நிரபராதி. வேர் சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ உட்காருவதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்தாலே காப்பாற்றக்கூடிய பற்கள் நிறைய.

நெற்றிப்பொட்டில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு பற்களை இறுக்கிக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் எதுவோ புடைத்து எழும். அது தலையின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் டெம்போராலிஸ் தசை. மெல்லும் தசைகளில் ஒன்று அது. தலையில் வலிக்கிறது என்று சொல்பவருக்கு வலிப்பது தாடைத் தசையாகவும் இருக்கலாம் என்பது இப்போது கைக்கே புரியும். அதற்காக எல்லாத் தலைவலியும் தாடையிலிருந்து வருவதாகிவிடாது.

## பல் கடித்தல்: நோயா, நடத்தையா?

மருத்துவத்தில் இதன் பெயர் ப்ரக்ஸிஸம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் வேறு வேறு.

தூக்கத்தில் வருவதில் தாடைத் தசைகள் தாளக்கட்டோடு சுருங்கி விரியும்; நறநறவென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான், கடிப்பவருக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது வருவதில் பெரும்பாலும் சத்தமே இராது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையிலோ வண்டி ஓட்டுகையிலோ பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும், அல்லது பல் படாமலே தாடை விறைத்திருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஓய்வில் இருக்கும் தாடையில் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

இத்துறை வல்லுநர்கள் 2013-லும் 2018-லும் கூடி ஒப்புக்கொண்ட வரையறைகள் உண்டு. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரிடம் பல் கடித்தலை ஒரு நோய்க்கோளாறாகக் கருத வேண்டாம், தசையின் ஒரு செயல்பாடாகவே கருதலாம் என்கிறது 2018 வரையறை. தூக்க ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது, பல் கடிக்காதவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் தாடைத் தசை தாளத்தோடு அசைகிறது. கடிப்பவர்களிடம் அதுவே அடிக்கடியும் வலுவாகவும் நடக்கிறது, அவ்வளவுதான்.

இரவில் அது தொடங்கும் விதத்தைக் கவனித்தால் ஒரு பழைய நம்பிக்கை உடைகிறது. ஆழமில்லாத தூக்கத்தில் மூளை சில வினாடிகள் லேசாக விழிப்பை நோக்கி எழும். முதலில் இதயத் துடிப்பு கூடும், மூளை அலைகள் வேகமெடுக்கும், அதன் பிறகே தாடைத் தசை இறுகும். பல் வரிசை கோணலாக இருப்பதால் கடிக்கிறார் என்ற விளக்கத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. மன அழுத்தம், மது, புகை, அதிகக் காபி, எதுக்களிப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு காணப்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய பின் சிலருக்கு இது வருகிறது. அப்படி வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் பல் கடிப்பது சாதாரணம். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். குறட்டையும் சேர்ந்திருந்தால் மட்டும் மூச்சுப் பாதையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பூச்சி மருந்து கொடுத்தால் நிற்கும் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எப்படி உறுதிசெய்வது? மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். நோயாளியோ கூடப் படுப்பவரோ சொன்னால் ‘இருக்கலாம்’. பல் தேய்வு, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, நாக்கு விளிம்பில் பற்களின் பள்ளம், புடைத்த கன்னத் தசை ஆகியவற்றை மருத்துவர் கண்டால் ‘பெரும்பாலும் இருக்கும்’. கருவி வைத்துத் தசையின் மின் அசைவைப் பதிவு செய்தால்தான் ‘உறுதி’. பல் தேய்வை மட்டும் வைத்து முடிவுகட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. தேய்வு என்பது பழைய கணக்கு. பத்து வருடத்துக்கு முன் கடித்ததும் அதில் இருக்கும். புளிப்புப் பானங்களும் எதுக்களித்து வரும் அமிலமும் கரைத்ததும் அதில் இருக்கும். இந்த மாதத்துத் தலைவலிக்கு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இன்னொரு சங்கடமான உண்மை. கட்டிலே அதிரும்படி கடிக்கும் பலருக்குத் தாடை வலியே இல்லை. தாடை வலியோடு வருபவர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்தால் பலர் மற்றவர்களைவிட அதிகமாகக் கடிப்பதில்லை. கடிக்கும் அளவும் வலியின் அளவும் சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. பகலில் தெரியாமல் தாடையை இறுக்கி வைத்திருக்கும் பழக்கத்தை வலிக்காரர்களிடம் அடிக்கடி பார்க்க முடிகிறது. ஆனால் எல்லோரும் கேட்பது இரவைப் பற்றித்தான், பகலைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

## எந்த வலிக்கு என்ன பெயர்

தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாடு முதலில் 1988-ல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2018-ல் வெளியான மூன்றாம் பதிப்பு. அது இரத்தப் பரிசோதனையையோ ஸ்கேனையோ நம்பி எழுதப்படவில்லை. எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், எப்படிப்பட்ட வலி, கூட என்ன வருகிறது என்ற கேள்விகளுக்கான பதில்களே அங்கே முக்கியம்.

1. இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல இருபுறமும் அழுத்தும். 30 நிமிடத்திலிருந்து 7 நாள்வரை நீடிக்கலாம். வேலையைத் தொடர முடியும், வாந்தி வராது, மாடிப்படி ஏறினாலும் வலி அதிகமாகாது.

2. மைக்ரேன். ஒற்றைத் தலைவலி என்ற தமிழ்ப் பெயரே பலரைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் வலித்தால் அது மைக்ரேன் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒருபக்கம் என்பது நான்கு அடையாளங்களில் ஒன்று மட்டுமே. மற்றவை விண்விண்ணென்று தெறிப்பது, நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பது, நடமாடினால் கூடுவது. இவற்றில் ஏதாவது இரண்டு போதும். கூடவே குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருக்க வேண்டும். மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம். இப்படி ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாகக் கணக்கு. பிடரி வலியும், முகத்தில் அழுத்தமும், மூக்கு ஒழுகுதலும் மைக்ரேனிலேயே வரும். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே சொல்லிக்கொண்ட ஏறக்குறைய 3,000 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான நிறம் மாறிய சளி, மூக்கடைப்பு, சில நேரம் காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது ஆகியவை இருக்கும்.

3. கிளஸ்டர். ஒரே பக்கக் கண்ணைச் சுற்றி உயிர் போகும் வலி, 15 நிமிடம் முதல் 3 மணி நேரம். அதே பக்கக் கண்ணில் நீர் வடியும், சிவக்கும், மூக்கு அடைக்கும். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். இவரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். வலி மேல்தாடைக்கு இறங்குவதால் இதற்கும் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

4. முக்கிளை நரம்பு வலி. மின்சாரம் அடித்தாற்போல ‘சுளீர்’ என்று வெட்டி மறையும். கண்ணிமைக்கும் நேரத்திலிருந்து 2 நிமிடம்வரை. வலி ஒருபக்கம்தான், கன்னத்திலோ தாடையிலோ. முகம் கழுவினால், பல் துலக்கினால், சில நேரம் காற்று பட்டால்கூடத் தூண்டப்படும். சவரம் செய்ய ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வரும் மனிதரைப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் மூளைத்தண்டை ஒட்டி ஒரு ரத்தக் குழாய் நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதே காரணம். பல் துலக்கும்போது வலிப்பதால் நோயாளி முதலில் போவது பல் மருத்துவரிடம். ஒரு பல் போகும், வலி நிற்காது, அடுத்த பல் போகும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய முக வலிகளில் இது முதன்மையானது.

5. தாடைத் தசை, மூட்டு வலி. மந்தமான குடைச்சல். மென்றாலும், கொட்டாவி விட்டாலும், நிறைய நேரம் பேசினாலும் கூடும். காதுக்கு முன்னால், கன்னத்தில், பொட்டில் இருக்கும். காது வலி என்று போய்க் காது சுத்தமாக இருக்கிறது என்று திரும்பி வருபவர்களில் பலர் இந்த ரகம்.

6. மாத்திரையால் வரும் தலைவலி. ஏற்கெனவே தலைவலி உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது ட்ரிப்டான் (மைக்ரேனுக்கென்றே உள்ள மருந்து வகை), ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். எண்ண வேண்டியது எத்தனை நாள் என்பதை. எத்தனை மாத்திரை என்பதை அல்ல. தினமும் காலையில் தலைவலியோடு எழுபவர்களிடம் இதை முதலில் கேட்க வேண்டும்.

ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மைக்ரேனும் தாடை வலியும் கைகோத்து வருவது மிகவும் சகஜம். ஒன்று கிளறினால் மற்றது விழிக்கும். காலைத் தலைவலிக்குத் தூக்க மூச்சுத்திணறலும் காரணமாகலாம். குறட்டை, பகல் தூக்கம், எழுந்த 4 மணி நேரத்துக்குள் தானாக விலகும் வலி ஆகியவை அதன் அடையாளம்.

## பரிசோதனை அறையில் நடக்க வேண்டியது

பாதி நோயறிதல் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, பேச்சில் முடிந்துவிடும். மீதியைக் கை செய்கிறது.

தாடை வலிக்கான சர்வதேசப் பரிசோதனை முறை 2014-ல் முறைப்படுத்தப்பட்டது. மருத்துவர் கன்னத் தசையையும் பொட்டுத் தசையையும் விரல் நுனியால் ஏறக்குறைய 1 கிலோ எடைக்கு அழுத்துவார். 1 கிலோ என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வீட்டுத் தராசின் மேல் ஒரு விரலை வைத்து முள் 1 என்ற எண்ணுக்கு வரும்வரை அழுத்திப் பாருங்கள். நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மூட்டின் மேல் அழுத்துவது அதில் பாதி. அழுத்தியபின் கேட்கும் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. “வலிக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. அப்படி அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். “நீங்கள் சொல்லிக்கொண்டு வந்த அதே வலிதானா இது?” என்று கேட்க வேண்டும். “ஆமாம், இதேதான்” என்று நோயாளி சொன்னால்தான் அந்தத் தசை குற்றவாளி. பொட்டை அழுத்தும்போது வழக்கமான தலைவலி அப்படியே எழுந்து, தாடை அசைவிலும் அது கூடிக் குறைகிறது என்றால் தாடையால் வந்த தலைவலி என்று சொல்ல நியாயம் இருக்கிறது.

அடுத்தது வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பது. 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தடை இருக்கிறது. வீட்டில் பார்க்க, நடு மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையில் வைக்க முடிந்தால் போதும்.

‘டக்’ என்ற சொடுக்குச் சத்தம் பலரைப் பயமுறுத்துகிறது. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய வட்டு இடம் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி தன் இடத்துக்கு வரும் ஓசை அது. வலி இல்லாமல், வாயும் பூட்டிக்கொள்ளாமல் சத்தம் மட்டும் இருந்தால் சிகிச்சையே வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்கவைத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவியிருக்கும். ஸ்கேனில் தெரிந்ததற்கெல்லாம் வைத்தியம் பார்க்கப் புறப்பட்டால் ஊரில் பாதிப் பேர் மேஜையில் படுக்க வேண்டியிருக்கும். நேற்றுவரை சொடுக்கிக்கொண்டிருந்த மூட்டு இன்று சத்தம் நின்று வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் கதை வேறு. நழுவிய வட்டு திரும்பவில்லை. சீக்கிரம் காட்ட வேண்டும்.

## நாள் பார்க்கக் கூடாத வலிகள்

பெரும்பாலான தலைவலி ஆபத்தில்லாதது. கீழே உள்ளவை அப்படியல்ல.

1. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடி போன்ற தலைவலி. மூளை ரத்தக்கசிவாக இருக்கலாம். நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.
2. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, குழப்பத்தோடு வருவதும் அப்படியே.
3. நடந்தால் வந்து, நின்றால் விடும் தாடை வலி. பல்லில் எதுவும் இல்லாவிட்டால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.
4. புற்றுநோய் உள்ளவருக்கோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கோ கர்ப்பிணிக்கோ புதிதாக வரும் தலைவலி.
5. 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் பொட்டு வலி.

கடைசியாகச் சொன்னது தாடை வலி என்ற பெயரில் எளிதாக ஒளிந்துகொள்ளும். பொட்டில் ஓடும் தமனி அழற்சியுற்றுத் தடிக்கும். சீப்பு பட்டாலே தலை வலிக்கும். உணவை மெல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தாடை அயர்ந்து வலிக்கும், நிறுத்தினால் விடும். எடை குறையும், உடம்பு அசதியாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் கண் பார்வை திரும்ப வராதபடி போய்விடக்கூடும். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் வழிகாட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள். இவருக்குப் பல் கவசம் செய்ய அளவெடுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய தவறு என்று சொல்ல வேண்டியதில்லை.

## சிகிச்சை: திரும்ப முடிகிற வழி முதலில்

தாடை வலிக்குக் கடி வரிசையே காரணம் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1934-ல் 11 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரை, பின்பற்கள் போனதால் தாடை அழுந்திக் காது, தலை வலிகள் வருவதாகச் சொன்னது. அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனால் கடியைச் சரிசெய்தால் வலி போகும் என்ற நம்பிக்கை பல தலைமுறை பல் மருத்துவர்களிடம் தங்கிவிட்டது. பற்களை அராவினார்கள், வரிசையாகக் கேப் போட்டார்கள், தாடையையே அறுத்து நகர்த்தினார்கள். 1980-களில் தாடை மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த பொருத்துகளை வைத்தார்கள். அவை நொறுங்கி எலும்பை அரித்ததால் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை வைத்துக்கொண்டவர்களுக்குப் பழைய வலியைவிடப் பெரிய வலி மிஞ்சியது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்காக பிஎம்ஜே மருத்துவ இதழ் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் இடம் தருவது எதற்கென்று பாருங்கள்: வலியைக் கையாளும் உளவியல் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் கைகொண்டு தாடையை அசைத்தல், தசை முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துதல், மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் உடல் நிலைப் பயிற்சியும். கழற்றி மாட்டும் பல் கவசம், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, மூட்டுக்குள் ஊசி போன்றவற்றை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் கவசங்களையும், வட்டை வெட்டி எடுக்கும் அறுவையையும் உறுதியாக மறுக்கிறது.

அப்படியானால் பல் கவசம் வீணா? எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பல் தேயாமல், கேப் உடையாமல் காக்க அது நல்ல கேடயம். கடிப்பதை அது நிறுத்திவிடாது. முதல் சில வாரம் குறைந்தாற்போல் இருந்து பழையபடி திரும்பும். எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான கவசமே பாதுகாப்பு. முன்பற்களை மட்டும் மூடும் சிறு கவசத்தை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் நகர்ந்து கடி மாறிவிடக்கூடும். தூக்க மூச்சுத்திணறல் உள்ள சிலருக்கு மேல்பல் கவசம் திணறலைக் கூட்டுவதும் உண்டு. அளவெடுப்பதற்கு முன் குறட்டை பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

புதிதாக வந்த தாடை வலியில் வீட்டில் செய்யக்கூடியவை கொஞ்சம் சலிப்பானவை, ஆனால் பலருக்குப் பலிப்பவை. சில வாரம் மென்மையான உணவு, சூயிங்கம் கூடாது, கொட்டாவி வரும்போது முகவாயைக் கையால் தாங்குவது, வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் மருத்துவர் சொன்னபடி சில நாள் வலி மாத்திரை. இவற்றைவிட முக்கியம் பகல் கடியை விடுவது. உதடு சேர்ந்திருக்க வேண்டும், பல் பிரிந்திருக்க வேண்டும், நாக்கு மேலே தளர்வாக இருக்க வேண்டும். தமிழ் பேசுபவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ‘ன’ என்று சொல்லப் போகிற நிலையில் நாக்கு நுனியை நிறுத்தினால் போதும். தாடை தானாக இறங்கும். ‘ந’ ஆகாது, அதற்கு நாக்கு பல்லைத் தள்ளும். கைபேசி அடிக்கும்போதெல்லாம், கதவைத் திறக்கும்போதெல்லாம் தாடை எப்படி இருக்கிறது என்று ஒரு நொடி பார்த்துவிட்டு ‘ன’ நிலைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நாளில் எத்தனை முறை பிடிபடுகிறோம் என்பதைக் கண்டு பலரும் அசந்துபோகிறார்கள்.

தலைவலிகளுக்கு அவற்றுக்கான மருந்து வேண்டும். தாடையைப் பிடித்துவிட்டால் மைக்ரேன் போகாது. மைக்ரேன் கிளம்பியவுடன் வலி மாத்திரை அல்லது ட்ரிப்டான் எடுத்தால்தான் முழுப் பலன். இதய நோய் உள்ளவர்களுக்கு ட்ரிப்டான் கூடாது. அடிக்கடி வருபவர்களுக்கு ப்ராப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் போன்ற தடுப்பு மாத்திரைகள். 2018-லிருந்து சிஜிஆர்பி என்ற வலிப் புரதத்தைக் குறிவைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. போடாக்ஸ் பற்றிய குழப்பமும் இங்கேதான். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ள நாள்பட்ட மைக்ரேனுக்கு, தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் 155 யூனிட் போடும் முறைக்கு அங்கீகாரம் உண்டு. பல் கடிக்காகக் கன்னத் தசையில் போடுவது அது அல்ல. கிளஸ்டருக்கு முகமூடி வழியே தூய ஆக்சிஜன், தடுக்க வெரபமில். முக்கிளை நரம்பு வலிக்கு கார்பமசெபின். வழக்கமான வலி மாத்திரை அதைத் தொடாது. ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு இருந்தால் இந்த மருந்து தோலையே உரிக்கும் ஒவ்வாமையைத் தரலாம் என்பதால் முன்கூட்டிச் சோதிக்கச் சொல்கிறார்கள். மருந்தில் அடங்காவிட்டால் நரம்பிலிருந்து ரத்தக் குழாயை விலக்கி வைக்கும் அறுவை இருக்கிறது.

மாத்திரையால் வந்த தலைவலிக்கு வைத்தியம் அந்த மாத்திரையை விடுவது. முதல் சில நாளிலிருந்து இரண்டு வாரம்வரை வலி கூடத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள். ஓபியாய்டு சாப்பிட்டவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

## யாரிடம் போவது, எதைக் கொண்டுபோவது

வாய்-முக வலிக்கென்றே ஒரு தனித்துறை இருக்கிறது. அமெரிக்காவில் 2020-ல் அது பல் மருத்துவத்தின் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அத்தகைய நிபுணர் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் முதலில் பல் மருத்துவரிடம் பல்லில் சொத்தையோ விரிசலோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு நரம்பியல் மருத்துவரிடம் போகலாம். போகும்போது எக்ஸ்ரே மூட்டையைவிட நான்கு வாரக் குறிப்பு ஒன்று கூடுதல் உதவி செய்யும். வலி வந்த நாள், தொடங்கிய மணி, எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம், குமட்டலோ வெளிச்சக் கூச்சமோ இருந்ததா, மென்றால் கூடியதா, என்ன மாத்திரை, முதல் நாள் இரவு எவ்வளவு தூக்கம்; ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். பல்லை அராவவோ, வரிசையாகக் கேப் போடவோ யாராவது தேதி குறித்தால், என் வலியின் பெயர் என்ன, பல்லை மரத்துப்போக வைத்தால் அது நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை அந்தக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.